பட்டாணிப் பச்சை அறை

லாங்மெர் மாளிகையின் முன்னால் கார் நின்றபோது, மழை என்றும் சொல்ல முடியாத, இல்லை என்றும் சொல்ல முடியாத ஒரு தூறல். மே மாதம். ஓட்டி வந்தவள் ஹெஸ்டர். அவள் வண்டி ஓட்டி நான் பார்த்தது அன்றுதான். எப்போதும் அவள் கணவன் டெஸ்மண்ட்தான் ஓட்டுவான். கிராமம் கிராமமாகப் புத்தகம் கொண்டுபோகும் நூலக வேனை ஓட்டி ஓய்வு பெற்றவன். பக்கத்து வீட்டுக்காரன் என்பதைவிட எனக்குத் தம்பி என்றே சொல்லிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர்கள் இருவரும் ஏதாவதொரு பழைய மாளிகையைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். ஃபிளாஸ்கில் டீ, வெள்ளரிக்காய் சாண்ட்விச், பின்சீட்டில் ஒரு குடை. எங்கள் பக்கத்தில் இது ஒரு பைத்தியம். பணக்காரர்கள் வாழ்ந்த அறைகளைத் தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்போம். விளக்கைப் பார்ப்போம், சுவரின் நிறத்தைப் பார்ப்போம், வீட்டுக்கு வந்து நம் குட்டி அறையில் அதில் ஒரு துளியாவது செய்து பார்ப்போம். ஹெஸ்டரின் குளியலறையில் யாரோ ஒரு சீமாட்டியின் நீலம் இருந்தது. மாடிப்படியில் யாரோ ஒரு பிரபுவின் சிவப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை டெஸ்மண்ட் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நுரையீரல். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மாடி ஏற அவனால் முடியாது. கீழே முன்னறையில்தான் கட்டில் போட வேண்டும். அந்த அறையை எப்படி ஆக்குவது என்று யோசனை தேடித்தான் ஹெஸ்டர் வந்திருந்தாள்.

"சாகறதுக்கு ஒரு அறை, ஐவி," என்றாள், ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்காமல். "அழகா இருக்கணும். வேற என்ன செய்ய முடியும் என்னால?"

"உள்ள போய்ப் பாக்கலாம் வா."

"பக்கத்துக் கட்டில்காரர் போனப்ப ஒருத்தர்கூட கூட இல்லையாம். அதை இவன் பார்த்துக்கிட்டே படுத்திருந்தானாம். 'என்னைத் தனியா மட்டும் விட்டுடாத ஹெஸ்'னான். இத்தனை வருஷத்துல அவன் என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான்." மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் உருளைக்கிழங்கை ஒழுங்கா வறுக்கச் சொன்னது."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு அழுதாள். துடைத்துக்கொண்டு இறங்கினோம்.

லாங்மெர் கோட்டைபோல் மிரட்டுகிற வீடு அல்ல. எட்வர்ட் அரசர் காலத்தில் பீர் காய்ச்சிப் பணம் சேர்த்த ஒரு குடும்பம் கட்டியது. அகலமான ஜன்னல்கள், தாழ்ந்த கூரை, வெள்ளை பூசிய மரவேலை. வெளிச்சத்துக்காகவே கட்டிய வீடு. மெழுகு வாசனையும் பழைய கம்பளத்தின் ஈர வாசனையும் கலந்து வந்தன. அறை அறையாகப் போனோம். ஹெஸ்டர் எதையும் பார்க்கவில்லை. கண் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

கடைசி அறையின் வாசலில் நின்றுவிட்டாள்.

பிரித்த பட்டாணிக் காயின் உட்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். ஈரமும் இளசுமாக ஒரு பச்சை. அந்தச் சுவர்களின் பச்சை அதுதான். மேலே கூரையை ஒட்டிப் பறக்கும் தகைவிலான் குருவிகளை வரைந்த ஒரு பட்டைக் காகிதம். வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய ஜன்னல். பித்தளைக் கட்டில். கட்டிலின் தலைமாட்டில் ரோஜாப்பூத் துணி போர்த்திய ஒரு தாழ்ந்த நாற்காலி. அதன் இருக்கையில் நாடா கட்டிய ஒரு காய்ந்த முள்பூ. இந்த மாளிகைகளில் அது எல்லோருக்கும் தெரிந்த பாஷை: இங்கே உட்காராதே.

"பூ வெச்சிருக்காங்களா?" என்றாள் ஹெஸ்டர். "பட்டாணிப்பூ வாசனை வருதே."

எனக்கும் வந்தது. தேன்போல, கொஞ்சம் மிளகும் கலந்ததுபோல. ஆனால் அறையில் பூச்சாடியே இல்லை. மணத்துக்காகவே தோட்டத்தில் வளர்க்கும் அந்த வாசனைப் பட்டாணிக் கொடி பூக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அறையைக் காவல் காத்துக்கொண்டிருந்தவர் டெரன்ஸ். ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். சம்பளம் வாங்காமல் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, வருகிறவர்களிடம் கதை சொல்வதற்காகவே பிறந்தவர்.

"அந்த முள்ளைப் பாத்தீங்களா?" என்றார் குரலைத் தாழ்த்தி. "மத்த அறையில எல்லாம் வெச்ச இடத்துல இருக்கும். இங்க மட்டும் காலையில திறந்தா தரையில இருக்கும். விழுந்த மாதிரி இல்ல. எடுத்து ஓரமா வெச்ச மாதிரி."

"எலியா இருக்கும்," என்றேன் நான்.

"இருக்கும். நாடாவை நேரா மடிச்சு வைக்கத் தெரிஞ்ச எலி."

பிறகு சொன்னார். இந்த வீட்டு எஜமானி ஆகஸ்டா. ஒரே மகன் ஹ்யூகோ, முதல் உலக யுத்தத்தில் விஷவாயுவை முகர்ந்துவிட்டுத் திரும்பி வந்தான். மாடி ஏற முடியாமல் இந்த அறையில்தான் கிடந்தான். அந்த நாற்காலியை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை. ஒரு கோடைப் பிற்பகல், அவனுக்குப் பிடிக்குமே என்று பட்டாணிப்பூப் பறிக்கத் தோட்டத்துக்குப் போனாள். ஒரு கைப்பிடிப் பூ பறிக்கிற நேரம். திரும்பி வருவதற்குள் போய்விட்டான்.

"அதுக்கப்புறம் இந்த வீட்டுல யார் படுத்தாலும் அந்தம்மா போய் உட்காருவாங்களாம். சமையக்காரி, தோட்டக்காரன், யாரா இருந்தாலும் சரி. ஒருத்தரையும் தனியா போக விடல." டெரன்ஸ் கண்ணடித்தார். "செத்தப்புறமும்னு சொல்றாங்க. ஆனா பயப்படாதீங்க. போகப்போறவங்க பக்கத்துலதான் வருவாங்க. நல்லா இருக்கறவங்க எவ்வளவு கூப்பிட்டாலும் வரமாட்டாங்க."

ஹெஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் நெடுநாளாக நான் பார்க்காத ஓர் அமைதி.

"இதுதான்," என்றாள். "இந்த அறையேதான்."

அப்போது அடுத்த அறையில் ஒரு பருத்த மனிதர் பியானோவைத் தொட்டுவிட்டார் போலிருக்கிறது. "ஐயா! ஐயா! கை!" என்று டெரன்ஸ் ஓடினார். அந்த நேரத்தில் ஹெஸ்டர் கயிற்றைத் தாண்டிப் போய், ஜன்னல் கதவுக்குப் பின்னால், சுவரில் பெயிண்ட் உரிந்து நின்ற இடத்தில் நகத்தை வைத்துவிட்டாள்.

"ஹெஸ்டர்! உன்னைப் பிடிச்சு உள்ள வெக்கப் போறாங்க!"

"கத்தாத. எல்லாரும் செய்யறதுதானே. நிறம் காட்ட ஒரு துணுக்கு."

விரல்நகம் அளவுக்கு ஒரு பச்சைத் துணுக்கு. கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

எங்கள் ஊர்ப் பெயிண்ட் கடையில் இருக்கும் மிஷினில் எதைக் காட்டினாலும் அதே நிறத்தைக் கலந்து கொடுத்துவிடுவார்கள். கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தவள், கைக்குட்டையிலிருந்த துணுக்கைப் பொடித்து உள்ளே தூவினாள். குச்சியால் கலக்கினாள்.

"இது எதுக்கு?" என்றேன்.

"நிறம் சரியா வந்திருக்கு. ஆனா வெறும் நிறம்தானே ஐவி. கொஞ்சம் அந்த வீடும் இருக்கட்டும்."

சுவர் அடித்தாள். குருவிகளைத் தானே வெட்டி ஒட்டினாள். பழைய சாமான் விற்கும் கொட்டகையில் தேடித் தேடி அதேமாதிரி ஒரு பித்தளைக் கட்டில் பிடித்தாள். தாழ்ந்த நாற்காலியும் கிடைத்தது. ரோஜாப்பூத் துணி தைத்துப் போர்த்தினாள். தலைமாட்டில் வைத்தாள். அங்கே அந்த நாற்காலி எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தப் பக்கம் பார்த்து வைத்தாள்.

"இதுல நான் உட்காருவேன்," என்றாள். "கடைசிவரைக்கும்."

ஆம்புலன்ஸ்காரர்கள் டெஸ்மண்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். பேச மூச்சு சேர்வதற்கு நேரம் எடுத்தது.

"டிக்கெட் எங்க வாங்கறது? கிழவனுக்குச் சலுகை உண்டா?"

"உனக்குக் கிடையாது. நீ போன தடவை பிஸ்கட் சிந்திட்டே," என்றாள் ஹெஸ்டர்.

கட்டிலில் படுக்கவைத்தார்கள். கண்ணோரம் நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. "ஹெஸ்," என்றான். "கயித்துக்கு அந்தப் பக்கம் வந்துட்டேன்."

முதல் சில நாட்கள் அந்த வீட்டில் சந்தோஷம்தான் இருந்தது. சாவு காத்திருக்கும் வீட்டில் அப்படி ஒரு சந்தோஷம் இருக்கக் கூடும் என்று நான் நினைத்ததில்லை. அவன் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பான். அவள் உரக்கப் படிப்பாள். நான் சூப் கொண்டுபோவேன். உப்பில்லை என்று திட்டுவான்.

பிறகு ஒரு பிற்பகல் ஹெஸ்டர் என் கதவைத் தட்டினாள்.

"உங்க வீட்டுத் தோட்டத்துல பட்டாணிப்பூ பூத்துடுச்சா?"

"இல்லையே. எனக்குப் பூக்கவே பூக்காது. நத்தை தின்னுடும்."

"எங்க அறையில வாசனை வருது," என்றாள்.

மறுநாள் நான் போனபோது எனக்கும் வந்தது. வாசலில் இல்லை. நடைவழியில் இல்லை. அந்த அறைக்குள் கால் வைத்ததும், நெஞ்சை அடைப்பதுபோல, இனிப்பாக. டெஸ்மண்ட் தூங்கிக்கொண்டிருந்தான். நாற்காலியின் மெத்தையில் ஒரு குழி. அப்போதுதான் யாரோ எழுந்துபோன குழி.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழி மேலே எழும்பவில்லை.

எழும்பவே இல்லை.

மெத்தை பழசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த மெத்தையில் புதுப் பஞ்சு வைத்துத் தைத்தபோது ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவளே நான்தான்.

தினமும் வந்துபோகும் நர்ஸ் கெர்ரிதான் முதலில் அதைச் சொன்னாள். கலகலவென்று பேசுகிறவள். சமையலறையில் கை கழுவிக்கொண்டே சொன்னாள்.

"உங்க அக்கா பாவம், நல்லாப் பாத்துக்கறாங்க. ஆனா வாயே திறக்க மாட்டேங்கறாங்களே. நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

ஹெஸ்டர் தட்டைத் துடைப்பதை நிறுத்தினாள். "எந்த அக்கா?"

"நாற்காலியில உட்கார்ந்திருக்காங்களே. சாம்பல் உடுப்பு. டெஸ்மண்ட் கையைப் பிடிச்சுக்கிட்டு."

"எனக்கு அக்கா கிடையாது கெர்ரி."

கெர்ரி சிரித்தாள். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். சிரிப்பு நின்றது. குழாயை மூடினாள்.

மூவரும் நடைவழியில் நின்று எட்டிப் பார்த்தோம். நாற்காலியில் யாரும் இல்லை. டெஸ்மண்டின் கை மட்டும் போர்வைக்கு வெளியே, நாற்காலிப் பக்கமாக நீண்டு, அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒரு ஸ்பூனைத் தூக்க முடியாத கை.

அது மெதுவாக இறங்கியது. யாரோ கீழே வைத்ததுபோல.

அதற்குப் பிறகு கெர்ரி அந்த அறைக்குள் சத்தமாகப் பாட்டுப் பாடிக்கொண்டுதான் நுழைந்தாள்.

டெஸ்மண்டுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "பயப்படாத ஹெஸ்," என்றான். "நல்ல பொம்பள. அதிகம் பேசறதில்ல. கை மட்டும் கொஞ்சம் ஜில்லுனு இருக்கு. நீ சமையலறையில பாத்திரத்தை உருட்டுற நேரத்துல வந்து உட்காருவா."

"நான் வர்றப்ப எங்க போவா?"

"எங்கயும் போக மாட்டா. இங்கதான் இருக்கா." கண்ணை நாற்காலிப் பக்கம் காட்டினான். "உனக்குத் தெரியலையா?"

அன்று ஹெஸ்டருக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. புருஷன் இருக்கப்போவது இன்னும் கொஞ்ச நாள். அந்தக் கொஞ்ச நாளிலும் பங்கு கேட்க ஒருத்தி. விறுவிறுவென்று போனாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

என்ன நடந்தது என்று அவள் எனக்கு என் வீட்டில் வைத்துத்தான் சொன்னாள்.

"நான் உட்கார்ந்தேன் ஐவி."

"ம்."

"அவ எழுந்திருக்கல."

என் கை மயிர் சிலிர்த்து நின்றதை மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டேன்.

"மடி," என்றாள். "குளிர்ந்த மடி. நான் அது மேல உட்கார்ந்திருந்தேன். அவ மூச்சு என் பிடரியில பட்டுச்சு."

மறுநாள் நாற்காலியைத் தூக்கிப் போய்த் தோட்டத்துக் கொட்டகையில் போட்டுப் பூட்டினோம். தனக்கு ஒரு மர ஸ்டூல் எடுத்துப் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் நான் எட்டிப் பார்த்தபோது டெஸ்மண்ட் முகம் சுளித்துப் படுத்திருந்தான்.

"என்ன காரியம் பண்ணியிருக்கே ஹெஸ். இப்படி நிக்க வெச்சுட்டியே. வயசான உடம்பு, கால் கடுக்காதா?"

"யாரை நிக்க வெச்சேன்?"

அவன் கட்டிலின் தலைமாட்டைக் கண்ணால் காட்டினான். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில். ஹெஸ்டரின் ஸ்டூலுக்கு மிக அருகில். "காலையிலேர்ந்து நிக்கறா. நீ அழுதப்போ உன் தலையைக்கூடத் தடவினா."

ஹெஸ்டரின் கை தானாக உச்சந்தலைக்குப் போயிற்று.

நாற்காலி அன்றே திரும்பி வந்தது.

அதன் முன்னால் நின்று ஹெஸ்டர் பேசினாள். நான் கேட்டேன், அதனால் சொல்கிறேன். டெஸ்மண்ட் தூங்கிக்கொண்டிருந்தான். காலி நாற்காலியைப் பார்த்துக் கெஞ்சினாள். "உங்க பையனுக்கு நடந்தது எனக்குத் தெரியும்மா. கேட்டப்ப வயிறு எரிஞ்சுது. ஆனா இவன் உங்க பையன் இல்ல. என் புருஷன். நான் வாக்குக் குடுத்திருக்கேன். கடைசியில இவன் பக்கத்துல நான்தான் இருக்கணும். வழி விடுங்க."

டெஸ்மண்டின் தோளிலிருந்து நழுவியிருந்த போர்வை, எங்கள் கண்ணெதிரே, ஓரம் மடிந்து, மேலே ஏறி, அவன் கழுத்துக்குக் கீழே பதமாகச் செருகிக்கொண்டது. ஒரு தாய் செருகுவதுபோல.

அதன்பின் ஹெஸ்டர் அறையை விட்டு நகரவில்லை. ஸ்டூலிலேயே சாப்பாடு, ஸ்டூலிலேயே தூக்கம். குளிக்கப் போனால் நான் வந்து அவள் இடத்தில் உட்கார வேண்டும். அந்தப் பக்கம் நாற்காலி, இந்தப் பக்கம் நான், நடுவில் அவன். குழி விழுந்த மெத்தையைப் பார்க்காமல் பின்னல் ஊசியையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஜூலை வந்தது. டெஸ்மண்ட் பேசுவதை நிறுத்தினான். இனி ஒன்றிரண்டு நாள் என்றாள் கெர்ரி.

அந்தப் பிற்பகல் நல்ல வெயில். ஜன்னல் திறந்திருந்தது. ஹெஸ்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஹெஸ்!"

டெஸ்மண்டின் குரல். பழைய குரல். மூச்சு இரைக்காத, திடமான, வேலை முடிந்து வந்து பின்கதவைத் திறந்ததும் கூப்பிடுகிற குரல். "ஹெஸ், எங்க இருக்கே?"

அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். நீங்களாக இருந்தாலும் எழுந்திருப்பீர்கள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று! ஒரு கணம், ஒரே ஒரு கணம், எல்லாம் கெட்ட கனவு என்று நினைத்தாளாம். "இதோ வர்றேன்!" என்று சிரித்துக்கொண்டே ஓடினாளாம்.

சமையலறையில் யாரும் இல்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

திரும்பி ஓடி வந்தபோது அறைக்கதவு சாத்தியிருந்தது. பூட்டவில்லை. கைப்பிடி திரும்பியது. கதவு மட்டும் வரவில்லை. உள்ளிருந்து யாரோ முதுகைச் சாய்த்து நிற்பதுபோல், முரட்டுத்தனம் இல்லாமல், விடாப்பிடியாக. அவள் தோளால் இடித்தாள். நகத்தால் பிறாண்டினாள்.

உள்ளே டெஸ்மண்ட் பேசினான்.

ஐந்து நாளாக வாய் திறக்காதவன். மெல்லிய குரலில், நிதானமாக, ஏதோ ஒரு நீளமான வாக்கியம். வார்த்தை பிரியவில்லை. நடுவில் தன் பெயர் வந்ததாக அவளுக்குத் தோன்றியது. கடைசியில் லேசாகச் சிரித்தான்.

பிறகு ஒரு பெண்குரல்.

"ஷ்ஷ்..."

கதவு தானே திறந்துகொண்டது.

அவள் போட்ட சத்தம் கேட்டு நான் செருப்பில்லாமல் ஓடினேன். அவன் போய்விட்டிருந்தான். கண்கள் மூடியிருந்தன. தலை வாரியிருந்தது. வகிடு வலப்பக்கம் எடுத்திருந்தது. டெஸ்மண்ட் அப்படி எடுத்ததே இல்லை. அந்தக் காலத்துப் பையன்கள் எடுக்கிற வகிடு. முகத்தில் துளிப் பயம் இல்லை. போர்வைமேல் கிடந்த கையின் விரல்கள், இல்லாத ஒரு கையைச் சுற்றி மடங்கியிருந்தன. பிரிக்கப் பார்த்தோம். முடியவில்லை.

"தனியா போகல," என்றாள் ஹெஸ்டர். தரையில் உட்கார்ந்திருந்தாள். நகக்கண்ணில் ரத்தம். "அவன் கேட்டது நடந்துடுச்சு ஐவி. தனியா போகல. ஆனா நான் இல்லையே. நான் இல்லையே."

அடக்கம் முடிந்தது. நாற்காலிக் குழி மேலே வந்துவிட்டது. வாசனையும் போய்விட்டது. நான் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டும் இரண்டு பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு போனேன்.

"எடுத்துட்டுப் போ," என்றாள்.

"அந்தப் பச்சையைப் பாத்துக்கிட்டு எப்படி இருப்பே? என் பேச்சைக் கேளு. ஒரே நாள் வேலை."

"அவன் கடைசியா என்ன சொன்னான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. தெரிஞ்சவ ஒருத்தி இருக்கா." சுவரைத் தடவினாள். "என் பேரைச் சொன்னான் ஐவி. நான் கேட்டேன். எனக்குச் சொல்ல வேண்டியதை அவகிட்ட சொல்லிட்டுப் போயிட்டான். அது என்னோடது. எனக்கு வேணும்."

லாங்மெருக்குப் போனாள். நானும் கூடப் போனேன். ஆகஸ்டா அங்கே திரும்பியிருப்பாளோ என்று பார்க்க. டெரன்ஸ் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் பழைய உற்சாகம் இல்லை. காய்ந்த முள்பூ நாற்காலியில் வைத்தபடியே இருந்தது.

"இப்பல்லாம் அப்படியேதான் இருக்கு," என்றார். "வசந்தத்திலேர்ந்து ஒரு நாளும் நகரல. எங்க போனாங்களோ தெரியல. வீடே வெறிச்சுன்னு இருக்கு." எதையோ இழந்தவர்போல் கைகளைப் பிசைந்தார்.

ஹெஸ்டர் மட்டும் தலையாட்டினாள். எங்கே போனாள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் முழுவதும் காத்திருந்தாள். தினமும் மதியம் அந்தப் பித்தளைக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலி நாற்காலியைப் பார்ப்பாள். மெதுவாகப் பேசுவாள். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. உங்களுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்? உங்க பையன் என்ன சொல்லிட்டுப் போனான்னு தெரியாமத்தானே இத்தனை வருஷம் அலையறீங்க?" வாசனை வரவில்லை. மெத்தை அசையவில்லை. வெயில் சுவரில் ஏறி இறங்கும், அவ்வளவுதான்.

"உனக்கு வரமாட்டா ஹெஸ்டர்," என்றேன் ஒருநாள், கொஞ்சம் கடுமையாகவே. "டெரன்ஸ் சொன்னது மறந்துபோச்சா? நீ குதிரை மாதிரி திடமா இருக்கே. டாக்டரே சொல்லிட்டார்."

"தெரியும்," என்றாள். அவள் சொன்ன விதத்தில் ஏமாற்றம் இருந்தது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மாடியில் தூங்குவதை விட்டுவிட்டு அந்தக் கட்டிலிலேயே படுக்க ஆரம்பித்தாள்.

நான் என்னால் முடிந்ததைச் செய்தேன். கேக் கொண்டுபோனேன். சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடற்கரை ஊரில் இருக்கும் அவளுடைய அத்தை மகளுக்கு ஃபோன் போட்டு, கூட்டிப்போய் ஒரு மாதம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அத்தை மகளும் வருவதாகச் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை என்று முடிவாயிற்று. எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

வெள்ளிக்கிழமை காலை. செப்டம்பரின் நல்ல வெயில். நான் ரொட்டி வாங்கிக்கொண்டு தெருவில் வந்துகொண்டிருந்தேன். ஹெஸ்டர் தன் வாசல் கேட்டில் நின்று கையை ஆட்டினாள். நல்ல நீல உடுப்பு. கன்னத்தில் சிவப்பு. ஆறேழு வயது குறைந்ததுபோல் இருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தேறிவிட்டாள், கடவுளே, தேறிவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஐவி!" கேட்டுக்கு மேல் கையை நீட்டி என் தோளைப் பிடித்தாள். "வந்துட்டா."

ரொட்டிப் பை என் கையிலிருந்து நழுவியது.

"நேத்து சாயங்காலம். கண்ணை மூடிப் படுத்திருந்தேன். முதல்ல பூ வாசனை. அப்புறம் நாற்காலி முனகற சத்தம். என் கையை எடுத்துத் தன் கைக்குள்ள வெச்சுக்கிட்டா. டெஸ் சொன்னது சரிதான், ஜில்லுனுதான் இருக்கு. ஆனா எவ்வளவு மெத்துனு இருக்கு தெரியுமா!"

"ஹெஸ்டர்... வா. எங்க வீட்டுக்கு வா. இப்பவே. கோட்டு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், அப்படியே வா."

"இப்ப எப்படி வர முடியும்? உட்கார வெச்சுட்டு வந்திருக்கேன்." குழந்தைபோல் சிரித்தாள். "நேத்து எனக்குக் கேக்க வாய் வரல. இன்னைக்குக் கேட்டுடுவேன். சொல்லிடுவா. அந்த முகத்தைப் பாத்தா தெரியுது, சொல்லணும்னுதான் வந்திருக்கா."

அவள் கையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். விடக்கூடாது என்று மட்டும் தோன்றியது. அவளுக்குப் பின்னால் முன்னறை ஜன்னல் தெரிந்தது. வெயில் நேராக உள்ளே விழுந்து, பட்டாணிப் பச்சைச் சுவர் பளபளத்தது. எங்கள் தெருவில் பட்டப்பகலில் முன்னறைத் திரையை இழுத்து மூடுவது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டது என்று தெருவுக்குச் சொல்ல.

வீட்டுக்குள் யாரும் இல்லை. ஹெஸ்டர் என் எதிரில், வெயிலில், உயிரோடு, சிரித்துக்கொண்டு நின்றாள்.

அவள் தோளுக்குப் பின்னால், அந்த ஜன்னலின் திரை அசைந்தது. ஒரு பக்கம். பிறகு மறுபக்கம். அவசரமே இல்லாமல், சுருக்கம் விழாமல், இரண்டும் நடுவில் வந்து சேர்ந்தன.